திரைச்சீலை மாளிகையும் கரிசல் முகங்களும்

ஒரு மாணவியின் கேள்வி

முதலாமாண்டு மாணாக்கர்க்கு ஆண்டுதோறும் ஒரு சிறு பணி தருவது நம் வழக்கம். தத்தம் வீட்டில் உள்ளவற்றுள் மிகப் பழைய பொருள் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். அதன் வரலாற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவர வேண்டும். மரக்காலும் உழக்கும் வரும். பாம்படம் வைத்திருந்த சுருக்குப்பை வரும். ஏர்க்கொழு ஒன்றுகூட ஒருமுறை வந்ததுண்டு. அண்மையில் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, பரணில் கிடந்த பழைய ஒளிப்படம் ஒன்றைச் சட்டத்தோடு துணியில் சுற்றி எடுத்துவந்தாள்.

வளைந்த கைகளையுடைய நாற்காலியில் ஓர் ஆண் அமர்ந்திருக்கிறார். வேட்டிக்கு மேல் கோட்டு; தோளில் மடித்த துண்டு. அருகில் நாற்காலியின் முதுகைப் பற்றியபடி ஒரு பெண் நிற்கிறார். இருவரும் நம்மையே நேராகப் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் உருண்டு திரண்ட தூண்கள், வளைந்து மேலேறும் படிக்கட்டு, அதற்கும் அப்பால் ஒரு தடாகம். ஆனால் அந்த ஆணின் கால்களில் செருப்பில்லை. விரல்கள் அகன்று, பித்தவெடிப்பு ஓடிய கால்கள். கரிசல் மண்ணில் நடந்து நடந்து அம்மண்ணைப் போலவே வெடித்த கால்கள்.

“ஐயா, இந்த மாளிகை எந்த ஊர்லங்கய்யா இருந்துச்சு?” என்று கேட்டாள் அம்மாணவி. வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி அது. தொடர்ந்து அவள் சொன்னதுதான் நம்மை உறுத்தியது. “பூட்டன் பேரு எல்லாருக்கும் தெரியுதுங்கய்யா. பூட்டி பேரு வீட்ல யாருக்கும் தெரியலை.”

இக்கட்டுரை அவ்விரண்டு கேள்விகளுக்கும் விடைதேடிப் போன கதையே. மாளிகை எங்கே இருந்தது என்பது முதல் கேள்வி. அம்முகத்துக்குரிய பெயர் எங்கே போயிற்று என்பது இரண்டாவது.

கேமரா வந்த வழி

1839ஆம் ஆண்டு பிரான்சில் தாகேர் என்பவரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கல்கத்தாவில் அதற்கான கருவிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. சென்னையில் 1850ஆம் ஆண்டு மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி, பின்னர் அரசின் பொறுப்புக்கு வந்து, ஓவியத்தோடு ஒளிப்படக் கலையையும் கற்பித்தது. 1856இல் சென்னையில் ஒளிப்படக் கழகம் ஒன்றும் உருவாயிற்று.

அதே ஆண்டில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டவர் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர். 1857இன் இறுதியிலும் 1858இலுமாக அவர் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படம்பிடித்தார். மெழுகூட்டிய தாளே அவருக்கு நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார் அவர். கல்வெட்டை வாசிக்கும் நமக்கு இது வியப்பளிக்கும் செயல். ஆயினும் அரசு விரைவில் கைவிரித்தது. ஆளுநர் டிரெவெல்யன் இப்பணியை வேண்டாத ஆடம்பரம் என்று கருதி நிறுத்திவிட்டார்.

டிரைப்பின் கேமரா தேடியது கல்லை, மனிதரை அன்று. கோபுரமும் மண்டபமும் அரண்மனையும் அவர் படங்களில் நிறைந்துள்ளன. கோயிலைக் கட்டியவர்களின் வழிவந்தோரும், அதன் வாசலில் பூக்கட்டியோரும் பெரும்பாலும் அவற்றில் இல்லை. எளிய மக்களின் முகம் கேமராவுக்குள் வர மேலும் இரண்டு தலைமுறை ஆயிற்று.

1876ஆம் ஆண்டு மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன் வழியில் அமைந்த கோவில்பட்டி, பருத்தி வாணிகத்தால் ஊராக விரிந்தது. 1891இல் நூற்பாலை வந்தது. 1901இல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. வானம் பார்த்த பூமியிலிருந்து கூலிக்காக மக்கள் ஊரை நோக்கி வந்தனர். ஆலைக்கூலி கையில் வந்தபோதுதான் படம் எடுத்துக்கொள்ளும் எண்ணமும் எளியோர்க்கு வந்தது எனலாம்.

அதற்கு முன் நிலைமை எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியாருக்கு எஞ்சியுள்ள ஒளிப்படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன. கையில் கோலோடு அவர் நிற்கும் படம் 1919இல் காரைக்குடியில் எடுக்கப்பட்டது. நாடறிந்த கவிஞருக்கே அவ்வளவுதான் என்றால், பருத்தி எடுத்த பெண்ணுக்கு என்ன இருந்திருக்கும்?

நாடக மேடையிலிருந்து படக்கூடத்துக்கு

இனி மாளிகைக்கு வருவோம். அது எந்த ஊரிலும் கட்டப்பட்டதன்று, துணியில் எழுதப்பட்டது. அத்துணிக்கு முன்னோடி நாடக மேடையில் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்தமிழ்நாட்டு ஊர்களைச் சுற்றிவந்த நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றும் தர்பார் சீன், தெரு சீன், தோட்டத்து சீன், காட்டு சீன் எனச் சுருட்டி விரிக்கும் திரைகளைத் தம்மோடு கொண்டுசென்றன. அவற்றை எழுதவும் பழுதுபார்க்கவும் ஓவியர்கள் கம்பெனியோடே பயணம் செய்தனர். அத்தகைய ஓவியர்களுள் தலையாயவர் சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்தவர், சென்னைக் கலைப்பள்ளியில் முறையாக ஓவியம் பயின்றவர். துறவு மனம் கொண்டு திருவண்ணாமலை சென்று இரமணாசிரமத்தில் சிலகாலம் தங்கினார். அங்கே இரமணரின் உருவத்தையும் வரைந்தார். பின்னர் நாடகக் கம்பெனியொன்றில் திரை எழுதும் ஓவியராகச் சேர்ந்தார்.

1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்தது முதல் பேசும் படம் நாடகக் கம்பெனிகளின் கூட்டத்தை ஈர்த்துக்கொள்ளத் தொடங்கிற்று. போர்க்கால நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, கம்பெனிகள் பல கலைந்தன. கொண்டையராஜு இருந்த கம்பெனி 1942 வாக்கில் கலைந்தது கோவில்பட்டியில். போக்கிடம் தேடாமல் அவர் அங்கேயே தங்கிவிட்டார். நாடகக் கம்பெனியில் அவரிடம் ஓவியம் பயின்ற டி.எஸ். சுப்பையா முதலிய சீடர்களும் உடன் இருந்தனர். அவர்களால் உருவானதே தேவி ஆர்ட் ஸ்டூடியோ. ஓவியமும் ஒளிப்படமும் அங்கே ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தன.

நாடகத் திரை படக்கூடத் திரையானது இவ்வாறுதான். இது கோவில்பட்டிக்கு மட்டும் உரியதன்று. இராசத்தானத்து நாத்துவாரத்திலும் மரபு ஓவியர்கள் கேமராவோடு உறவாடினர்; வழிபடுவோரின் ஒளிப்பட முகத்தை வெட்டி ஒட்டி, உடலையும் கோயிலையும் வண்ணத்தால் எழுதிய படங்கள் அங்கே உண்டு. ஓவியனைக் கேமரா வேலையிழக்கச் செய்யும் என்று ஐரோப்பாவில் அஞ்சினர். நம் ஊர்களிலோ வேலையிழந்த திரை ஓவியனுக்குச் சோறிட்ட இடங்களுள் ஒன்று கேமரா நின்ற அறை.

முதல் கேமரா

அம்மாணவியின் படத்தை எடுத்துக்கொண்டு நாமும் நண்பர் ஒருவரும் கோவில்பட்டியில் படத்தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைக் காணச் சென்றோம். எழுபத்தைந்தைக் கடந்தவர். தம் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறோம். பள்ளியை விட்டதும் ஒரு படக்கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்த அவருக்கு, தண்ணீர் சுமந்தும் தட்டு கழுவியும் ஓராண்டு கழிந்த பின்னரே கேமராவைத் தொடும் பேறு கிட்டியது. அவர் தொட்ட முதல் கேமரா ஒரு வாகீஸ்வரி.

இப்பெயரை இன்றைய தலைமுறை அறியாது. 1940களில் கேரளத்தின் ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் உருவாக்கிய மரக்கேமரா அது. இசைக்கருவிகளைச் செய்தும் பழுதுபார்த்தும் வந்த குடும்பம் அவருடையது. ஆர்மோனியத்தின் துருத்தியைச் செப்பனிடத் தெரிந்த கைக்குக் கேமராவின் தோல் துருத்தி அயலானதன்று. வெளிநாட்டிலிருந்து லென்சை மட்டும் தருவித்து, தேக்குப் பெட்டியும் பித்தளைப் பூண்களும் தோல் துருத்தியும் இங்கேயே செய்து விற்றார். இந்தியாவெங்கும் சிற்றூர்ப் படக்கூடங்களில் 1980கள் வரையிலும்கூட அது நின்றது. கலைமகளின் பெயரைத் தாங்கிய கேமரா அது என்பதையும் இங்கு நினைக்கலாம்.

அதன் அமைப்பு எளிது. முன்னே லென்சு, பின்னே தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி, இடையே துருத்தி. படமெடுப்பவர் கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கண்ணாடியில் விழும் உருவத்தைப் பார்த்துக் கூர்மை செய்வார். பின்னர்க் கண்ணாடி இருந்த இடத்தில் தகட்டைச் செருகி, லென்சின் மூடியைக் கழற்றி, எண்ணி, மீண்டும் மூடுவார். கண்ணாடியில் விழும் உருவம் தலைகீழாக இருக்கும். இந்தத் தலைகீழ்தான் தம் முதற்பாடம் என்றார் அண்ணாச்சி.

“மொதல்ல ஒண்ணும் புரியாது சார். ஆளு தலைகீழாத் தொங்குவாரு. பத்து நாள் கழிச்சுத்தான் கண்ணு பழகுச்சு. பழகின பொறகு ஆளு யாருங்கிற நெனப்பே வராது. வெளிச்சம் எங்க விழுது, நெழல் எங்க விழுது, அம்புட்டுத்தான். தலைகீழாத் தொங்கும்போது பண்ணையாரும் ஒண்ணுதான், பருத்தி எடுக்கிற பொம்பளையும் ஒண்ணுதான்.”

தெருவில் யார் முன் யார் துண்டை இடுப்பில் கட்ட வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கிருந்த காலம் அது. அக்காலத்தில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் கருப்புத் துணிக்குள் கற்ற பாடம் இது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் பாடம் நிறம் பற்றியது. அக்காலத்தில் பரவலாக வழங்கிய தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. நெற்றியில் இட்ட குங்குமம் படத்தில் கருப்பாக விழும். அரக்குச் சேலையும் கருப்பாகும். நீல வானமோ வெளுத்துப்போகும். வெயிலில் காய்ந்த கரிசல்காட்டு மேனியில் சிவப்புச் சாயல் மிகுதி. ஆதலால் உள்ளதைவிடக் கருத்து விழும். படக்கூடம்தோறும் கண்ணாடியும் சீப்பும் மட்டுமன்றிப் பவுடர் டப்பாவும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். திரையை எழுதிய ஓவியருக்கும் இப்பாடம் உண்டு. நாடக மேடையில் விளக்கொளியில் மின்னிய பச்சையும் சிவப்பும் கேமராவின் முன் பயனற்றவை. வெளுப்பு, சாம்பல், கருப்பு என்னும் படிநிலைகள் மட்டுமே அங்கே பேசும். படக்கூடத் திரைகள் பலவும் சாம்பல் நிறத்திலேயே எழுதப்பட்டதன் காரணம் இதுவே.

மூன்றாவது, அளவறிதல். ஒரு தகடு வீணானால் அன்றைய கூலியில் ஒரு பகுதி போயிற்று. ஆகவே படம் எடுப்பதற்கு முன்பே படத்தை மனத்தில் முடித்துவிட வேண்டும். வந்தவரை நாற்காலியில் அமர்த்தி, தண்ணீர் கொடுத்து, ஊர் எது, மழை உண்டா, வெள்ளாமை எப்படி என்று பேச்சுக்கொடுத்து, அவர் தோள் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். “போட்டோ பிடிச்சா ஆயுசு கொறையும்னு நம்பின காலம் சார். பயந்துபோயி உக்காந்திருப்பாங்க. பயத்தைப் பிடிச்சு என்ன பண்ண?”

பென்சில் நிற்க வேண்டிய இடம்

நான்காவது பாடத்தை அவர் தயங்கியே சொன்னார். நெகட்டிவைப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும் சாய்மேசையில் பொருத்தி, ஊசிபோல் கூராக்கிய பென்சிலால் முகத்தின் பள்ளங்களை நிரவுவது படக்கூடத்தின் நுண்வேலை. நெகட்டிவில் பென்சில் படும் இடம் படத்தில் வெளுக்கும். அம்மைத் தழும்பு மறையும். கண்ணடிக் கருமை குறையும். டச்சிங் என்று அதைச் சொல்வார்கள்.

அவ்வேலையில் கைதேர்ந்திருந்த காலத்தில் ஒருவர் தம் தாயின் படத்தைப் பெரிதாக்கித் தரக் கேட்டார். தாய் இறந்து சில நாள்களே ஆகியிருந்தன. அண்ணாச்சி தம் திறமையெல்லாம் காட்டினார். நெற்றிக் கோடுகளை நிரவினார்; கன்னத்துச் சுருக்கங்களை அழித்தார். படம் பளிங்குபோல் வந்தது. மகன் வந்து பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்க அம்மை இல்ல” என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். படக்கூடத்து முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மூல நெகட்டிவைக் கொடுத்து, மீண்டும் செய் என்றார். இரண்டாம் முறை அண்ணாச்சி தூசுப் புள்ளிகளை மட்டும் நீக்கினார். மகன் வந்து படத்தைக் கண்டதும் கடையிலேயே உட்கார்ந்து அழுதார்.

“சீன்ல என்ன பொய் வேணாலும் எழுதலாம் சார். மாளிகை எழுதலாம், கொளம் எழுதலாம். மூஞ்சில எழுதக்கூடாது.”

இவ்வொரு தொடரில் ஒரு கலைக்கொள்கையே இருக்கிறது என்று நமக்குத் தோன்றிற்று. பின்னணி வேட்கையைச் சேர்ந்தது. முகம் மெய்யைச் சேர்ந்தது. ஏழை உழவன் மாளிகை முன் அமர்ந்ததில் ஏமாற்று ஏதுமில்லை. அவர் விரும்பியதை ஓவியன் தந்தான். அவராக இருந்ததைக் கேமரா தந்தது. இரண்டும் ஒரே அட்டையில் பதிந்தன.

மாணவியின் படத்தை அவர் கையில் கொடுத்தோம். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சாளரத்தருகே சென்று பார்த்தார். நாம் காணாதவற்றை ஒவ்வொன்றாய்க் காட்டினார். திரை முடிந்து தரை தொடங்கும் கோட்டை மறைக்கப் பாய் விரித்திருக்கிறது. தூண்களுக்கு இடப்பக்கம் வெளிச்சம் எழுதியிருக்கிறது; முகங்களிலோ வலப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது. “சீன் எழுதினவர் வேற எடத்துக்கு எழுதியிருக்காரு. இல்லேன்னா நாடகத்துக்கு எழுதினதா இருக்கணும்.” அட்டையையும் அளவையும் கொண்டு 1950ஐ ஒட்டிய காலம் என்று மதிப்பிட்டார். இறுதியாக அப்பெண்ணின் கையைச் சுட்டினார். நாற்காலியைப் பற்றிய விரல்கள் மட்டும் சற்றே கலங்கலாக இருந்தன.

“மூச்சை அடக்கிட்டாங்க. வெரலை அடக்க முடியலை. நடுங்கியிருக்கு, தெரியுதுல்லா?”

எழுபது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நடுக்கம் நம் கண்முன் இருந்தது.

நாட்காட்டித் தெய்வங்களின் பார்வை

படக்கூடத்தில் கற்ற பாடங்கள் படக்கூடத்தோடு நிற்கவில்லை. கோவில்பட்டியிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத சிவகாசியில் 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த தீப்பெட்டித் தொழில் வளர்ந்தது. தீப்பெட்டிக்கு ஒட்டுச்சீட்டு வேண்டியிருந்தது. ஒட்டுச்சீட்டுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. ஆண்டு முழுதும் ஓடும் அச்சகத்துக்கு நாட்காட்டி நல்ல வருவாயாயிற்று. நாட்காட்டிக்குத் தெய்வ உருவம் எழுத ஓவியர் தேவைப்பட்டனர். கொண்டையராஜுவின் மீனாட்சி திருக்கல்யாணமும் பிறவும் 1950களிலிருந்து சிவகாசி அச்சில் பெருகி, கடைகளிலும் வீடுகளிலும் தொங்கின. சீடர் சுப்பையாவின் பெயரையும் தம் பெயரோடு சேர்த்து அவர் ஒப்பமிட்ட படங்கள் உண்டு. சீடர்கள் பலரும் தனித்தனி ஓவியர்களாக வளர்ந்தனர். 1976இல் அவர் மறைந்த பின்னும் அப்பாணி தொடர்ந்தது.

இவர்களுக்கு முன்னரே இரவிவர்மா (1848–1906) தெய்வங்களை அச்சில் பரப்பியவர். 1894இல் பம்பாய்க்கு அருகே அவர் நிறுவிய அச்சகம் அதற்கு வழிகோலியது. ஆயினும் கோவில்பட்டிப் படங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு என்பது நம் எண்ணம். இரவிவர்மாவின் புகழ்பெற்ற புராணக் காட்சிகளில் மாந்தர் பெரும்பாலும் தமக்குள் பார்த்துக்கொள்கிறார்கள். நாம் ஒரு நிகழ்ச்சியை வெளியிலிருந்து காண்கிறோம். கோவில்பட்டித் தெய்வங்களோ நம்மைப் பார்க்கின்றன. நேர்கொண்ட முகம், அசையாத கண், முன்னால் விரிப்பு, பின்னால் தூணும் சோலையும் தடாகமும். படக்கூடத்தில் அமர்ந்த தம்பதியரின் படமும் இதே அமைப்புடையது அன்றோ?

கோயில் தரிசனத்திலும் தெய்வம் நேராகவே நம்மை நோக்கும். ஆதலால் நேர்நோக்கு முழுவதையும் கேமராவின் கொடை என்று சொல்லிவிட முடியாது. நாடக மேடையின் பங்கும் பெரிது. எனினும் பகலெல்லாம் மனித முகங்கள் அசையாது கண்ணாடியில் வந்து நின்ற இடத்தில், மாலையில் தெய்வ முகம் எழுதப்பட்டது என்பதை மறக்கலாகாது. கருவறையின் பார்வையும் கேமரா முன் அமர்ந்த உழவனின் பார்வையும் அந்த அறையில் ஒன்றையொன்று சந்தித்தன எனக் கருத இடமுண்டு. மெய்யான முகங்களைக் கண்டு பழகிய கைகள் எழுதியதால்தான் அத்தெய்வங்கள் நம் வீட்டுப் பெண்களைப் போல் இருந்தன.

கழுவப்பட்ட முகங்கள்

அண்ணாச்சியிடம் பழைய தகடுகள் உள்ளனவா என்று கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்.

அவர் வேலைபார்த்த படக்கூடத்தில் மரப்பெட்டி மரப்பெட்டியாகத் தகடுகள் இருந்தன. பிலிம் வந்த பிறகு அவற்றைக் கேட்பாரில்லை. இடம் அடைத்தது. ஒருநாள் அவற்றைச் சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, மேற்பூச்சைச் சுரண்டிக் கழுவினார்கள். தகட்டுக் கண்ணாடி தெளிவானது, குமிழியற்றது. படச்சட்டம் போடும் கடைக்கு நல்ல விலைக்குப் போயிற்று. “அதுல நாட்காட்டிச் சாமி படத்துக்குச் சட்டம் போட்டாங்க சார். ஆளுக மூஞ்சியைக் கழுவிட்டுச் சாமிக்குக் கண்ணாடி போட்டோம். நானுந்தான் கழுவினேன்.”

தகட்டைக் கழுவி விற்றது அந்த ஒரு கடையின் குற்றமன்று. உலகெங்கும் நடந்ததே அது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கண்ணாடி நெகட்டிவுகள் பல, செடிவளர்க்கும் கண்ணாடி வீடுகளுக்குச் சாளரமாயின என்று சொல்வார்கள். ஆனால் பிற நாடுகளில் விழித்துக்கொண்டனர். நம் நாட்டிலும் முயற்சி இல்லாமலில்லை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழகத்துப் படக்கூடங்களின் பழைய படங்களைத் தேடி எண்ணிமமாக்கியுள்ளனர். ஊர் ஊராகப் படக்கூட வாசலில் நின்று கேட்டுப் பெற்ற செல்வம் அது.

கரிசலின் சொற்களைக் காக்க இடைசெவலிலிருந்து ஒருவர் எழுந்தார். 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன், பல்கலைக்கழகத் துணையின்றியே நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி கண்டார். அதனால் ஏர்க்காலின் ஒவ்வோர் உறுப்புக்கும், மழையின் ஒவ்வொரு வகைக்கும் உரிய சொல் நம்மிடம் இருக்கிறது. அச்சொற்களைப் பேசிய வாய்களின் முகங்கள்தாம் கழுவப்பட்டுவிட்டன. எஞ்சியவை வீட்டுப் பரண்களில், செல்லரித்த அட்டைகளில், கரையான் தொட்ட சட்டங்களில் உள்ளன.

நாம் செய்யக்கூடியது எளிது. சட்டத்தின் பின்பலகை பூச்சி அரித்திருந்தால் படத்தைப் பக்குவமாக எடுத்துவிடலாம். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்கக் கூடாது. கண்ணாடியோடே அதைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் இருப்பவர் பெயரை அறிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். பேனா வேண்டாம், மை ஊறி முகம்வரை வரும்.

பெயர்

அம்மாணவியிடம் முதல் கேள்விக்குரிய விடையைச் சொன்னோம். மாளிகை துணியில் இருந்தது. துணி சுருட்டி மூலையில் நின்றது. ஊரிலுள்ள யார் வேண்டுமாயினும் சில காசுக்கு அதன் முன் சிறிது நேரம் வாழலாம் என்றோம். அவளுக்கு அது வருத்தம் தருமோ என்று அஞ்சினோம். “அப்போ எல்லார் வீட்டுப் பூட்டனும் ஒரே மாளிகையிலதான் இருந்திருக்காங்க” என்று சிரித்தாள்.

இரண்டாம் கேள்விக்கு விடை நம்மிடம் இல்லை, அவளிடமே இருந்தது. நாம் சொன்னபடி அவள் உறவினர் வீடுகளுக்கெல்லாம் சென்று கேட்டாள். தீப்பெட்டி ஆபீசில் வேலைபார்த்து ஓய்ந்த, காது மந்தமான ஆச்சி ஒருவர், படத்தைக் கையில் வாங்கி முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாராம். பார்த்ததும் பெயரைச் சொல்லவில்லையாம். “இந்தச் சேலை செவப்பு” என்றாராம் முதலில். கேமராவுக்குத் தெரியாத சிவப்பு அந்தக் கிழவியின் நினைவில் இருந்தது. அதன் பிறகே பெயரைச் சொன்னார்.

மறுவாரம் மாணவி படத்தைக் கொண்டுவந்து பின்புறத்தைக் காட்டினாள். பென்சிலில், குண்டு குண்டான எழுத்தில், ஒரு பெண்ணின் பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவ்வீட்டின் சொத்து. நம் வீட்டுப் பரணிலும் இத்தகைய படமொன்று இருக்கக்கூடும். அப்பெயரை அறிந்தவரும் எங்கேனும் ஒரு திண்ணையில் இன்னும் அமர்ந்திருக்கக்கூடும். நாள் கடத்தாமல் போய்க் கேட்போம்.